கட்டுரையிலிருந்த முகம்

பேராதனையில் எங்கள் ஆய்வுகூடத்துக்கு முப்பரிமாண ஸ்கேனர் வந்தபோது, அதன் முன்னால் உட்கார ஒருவரும் முன்வரவில்லை. என்னோடு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கட்டுகஸ்தோட்டைக்காரன்தான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். வெளிச்சம் கூசியதால் கண்களை மூடிக்கொண்டான். அதன் பிறகு எங்கள் சோதனைகள் எல்லாம் அவன் தலையில்தான் நடந்தன.

ஸ்கேனரின் ஒளி காதுக்குப் பின்னால் எட்டாது. கணினி உருவத்தில் அந்த இடம் ஓட்டையாக இருக்கும். சுற்றியுள்ள வளைவுகளைக் கொண்டு அதை நிரப்ப அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். அதைப் பற்றி இருவருமாக ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தோம். முடிப்பதற்குள் அவனுக்கு டெங்கு வந்தது. வார்டில் போய்ப் பார்த்தபோது, "படங்கள நல்லா பெருசாப் போடுங்க" என்றான். அதன்பின் அவனோடு பேசக் கிடைக்கவில்லை; இரண்டு நாளில் இறந்துபோனான்.

சில கிழமைகள் கழித்து அவனுடைய சாமான்களை எடுத்துப்போக அவன் வாப்பா வந்தார். புடவைக்கடை வைத்திருப்பவர். என் திரையில் கட்டுரை திறந்திருந்தது. நான் மூடுவதற்குள் கண்டுவிட்டார்.

"மகன்தானே இது?"

"ஓம், அங்கிள்."

கண்களை மூடிய, ஸ்கேனரில் முடி பதியாத, சாம்பல் நிறத் தலை. அவர் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"மையத்தக் குளிப்பாட்டி வெச்சப்பவும் இப்படித்தான் இருந்தான்."

திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். பிறகு, "இத எல்லாரும் பாப்பாங்களா, மகள்?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

"அவன்ட பேர் இருக்கட்டும். முகம் எங்கயும் வாணாம், அழிச்சிடுங்க. அவன்ட உம்மா தாங்க மாட்டா."

பேராசிரியரிடம் சொன்னேன். "அவர் உயிரோட இருக்கேக்க சம்மதிச்சுத்தானே தந்தவர்? வேற தலையெண்டால் எல்லாத்தையும் முதலிலயிருந்து செய்யவேணும். உமக்கு ஏலுமெண்டால் செய்யும்" என்றார்.

ஸ்கேனருக்கு முன்னால் நானே உட்கார்ந்தேன். அவன் எழுதிவைத்த நிரலில் ஒரு வரியைக்கூட நான் மாற்றவில்லை. திரையில் என் காதுக்குப் பின்னாலிருந்த ஓட்டை கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வந்தது. அவனை அடக்கிய அன்று ஜனாஸா வீட்டில் வராத அழுகை அப்போதுதான் வந்தது.

அவனுடைய உருவத்தை எல்லாக் கணினிகளிலிருந்தும் அழித்துவிட்டு வாப்பாவுக்கு போன் எடுத்துச் சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அவர் கேட்டதைத்தான் செய்தேன். என்றாலும் அன்று முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை.

கட்டுரை வெளியானதும் அச்செடுத்துக்கொண்டு கட்டுகஸ்தோட்டைக்குப் போனேன். கடையில் வாப்பா மட்டும் இருந்தார். முதல் பக்கத்தில், என் பெயருக்கு முன்னால் இருந்த மகனின் பெயரை விரலால் தொட்டு மெதுவாக வாசித்தார்.

"இத யார் படிப்பாங்க, மகள்?"

"எங்கட வேலை செய்யிற ஆக்கள் அங்கிள். வெளிநாடுகளிலயும்."

"அவங்களுக்கு இது உதவுமா?"

"உதவும்."

தலையசைத்தார். அதற்குள் உடுக்கச் சாரம் கேட்டு ஓர் ஆள் வந்து நின்றார். வாப்பா கட்டுரையை மேசையில் வைத்துவிட்டு, "இருங்க மகள், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்று எழுந்துபோய் சாரங்களை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டத் தொடங்கினார்.