ஆவணிக்குக் காத்திருந்த கார்

அப்பா அந்தக் காரை வாங்கியது ஆனி மாதக் கடைசி நாளில். விடிந்தால் ஆடி. ஆடியில் வாங்கினான் என்று நாலு பேர் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக அவசர அவசரமாக அன்றைக்கே முடித்தார். விற்றவர் பாளையங்கோட்டையில் ஒரு கான்டிராக்டர். சென்னைக்குக் குடிபோகிறவர். ஐந்து கியர், பவர் ஸ்டீயரிங், நீண்ட மூக்கு, கறுப்பு நிறம். பழைய வண்டிதான், ஆனாலும் எங்கள் தச்சநல்லூர்த் தெருவில் அதற்கு ஈடாக ஒன்றும் கிடையாது.

“இது ஓடாது அண்ணாச்சி, பறக்கும்” என்றாராம் அந்தக் கான்டிராக்டர். அப்பா இதை வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் சொன்னார். எங்கள் தாத்தா காலத்தில் வீட்டில் வயலும் இருந்தது, காரும் இருந்தது. இரண்டும் போனபிறகு அப்பா சர்க்கார் ஆபீஸுக்கு டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்து தலை நரைத்தவர். இளவட்டத்தில் தாத்தா காரில் ஓட்டப் பழகிய கை மட்டும் மிச்சம் இருந்தது.

கார் வீட்டுக்கு வந்த அன்றுகூட அப்பா அதில் ஏறவில்லை. விற்றவருடைய டிரைவர் ஓட்டிவந்து நிறுத்திவிட்டுப் போனார். அப்பா பின்னால் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். பூஜை போடாத வண்டியில் சொந்தக்காரன் உட்காரக் கூடாதாம். பூஜையை ஆடியில் போடக் கூடாதாம். ஆவணியில் நல்ல முகூர்த்தம் பார்த்து, கோயில் வாசலில் மாலை சாத்தி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, அப்புறம்தான் ரோட்டில் இறக்க வேண்டும். அதுவரை வாசலில் துணி போர்த்தி நிற்கட்டும் என்றார்.

அம்மாவுக்கும் இதில் சம்மதம்தான். முதல் பயணம் பாபநாசத்துக்கு, தான் முன் சீட்டில் என்று சொல்லிவைத்திருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பாபநாசத்துக்குப் பஸ்ஸில் போய் வாந்தி எடுத்தவள் அவள்.

தினமும் காலையில் அப்பா துணியை விலக்கி, வெளியில் நின்றபடியே கையை உள்ளே விட்டு எஞ்சினைக் கிளப்புவார். பேட்டரி இறங்கிவிடக் கூடாதாம். தெரு முழுக்க அந்த உறுமல் கேட்கும். கேட்கட்டும் என்றுதான் கிளப்பினார், எனக்குத் தெரியாதா? ஒரு நாளும் அது மக்கர் பண்ணியதில்லை. இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், அந்தச் செவ்வாய்க்கிழமையும் காலையில் அது கிளம்பியது.

அன்று அம்மன் கோயில் கொடைத் திருவிழா. லீவு போட்டுவிட்டு அப்பா வீட்டில் இருந்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்து அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கையிலிருந்த சட்டி நழுவியது. குனிந்து எடுக்கப் போனவள் அப்படியே சரிந்தாள். ஓடிப்போய்த் தூக்கினேன். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. வலது கை துவண்டு கிடந்தது. ரத்தக் கொதிப்பு உண்டு அவளுக்கு. என்னவென்று எனக்குப் புரிந்துவிட்டது.

“அப்பா, காரை எடுங்க” என்று கத்தினேன்.

அப்பா சாவியை எடுத்தார். எடுத்தார் என்பதை நான் மறைக்க மாட்டேன். கார் வரைக்கும் போனார். ஆடிக் காற்று துணியைப் பாதிக்கு மேல் உருவிப் போட்டிருந்தது. கதவில் கை வைத்தவர் திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஏட்டி, ராகுகாலம் நடக்கு. ஆடி வேற. மொத மொத ஆஸ்பத்திரிக்கா வண்டிய எடுக்கது? ஆட்டோ கூட்டியாரேன், ஒரு நிமிசம்.”

பக்கத்து வீட்டு மாமா சத்தம் கேட்டு வந்திருந்தார். சாவியைக் கொடுங்கள், நான் ஓட்டுகிறேன் என்று அவரும் கையை நீட்டினார். அப்பா சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடினார். நான் அம்மாவை மடியில் கிடத்தி உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு என்று விட்ட வீடு அது. நாசமாய்ப் போகிற காரே என்று அதைப் பார்த்துத் திட்டினேன். அது என்ன செய்யும்?

கொடை அன்றைக்கு ஆட்டோ எங்கே கிடைக்கும்? எல்லாம் கோயில் சவாரியில் இருந்தன. அப்பா ஒன்றைப் பிடித்துக்கொண்டு வருவதற்குள் வெயில் திண்ணையை விட்டே இறங்கிவிட்டது. ஜங்ஷன் நெரிசலில் ஊர்ந்து, ஆற்றுப் பாலம் தாண்டி, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது அம்மாவுக்கு நினைவில்லை. இன்னும் முன்னால் கொண்டுவந்து கொதிப்பை இறக்கியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்றார் டாக்டர். வீட்டில் வண்டி வசதி இல்லையா என்றும் கேட்டார்.

“இருக்கு” என்றேன் நான்.

அம்மா பிழைத்தாள். வலது பக்கம் திரும்பி வரவில்லை. பேச்சு மட்டும் ஆவணி மத்தியில் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, இழுத்து இழுத்து. அப்பா அவளுக்குச் செய்த சேவையில் ஒரு குறையும் கிடையாது. சோறு ஊட்டினார், தலை வாரிவிட்டார். பார்த்தவர்கள் எல்லாரும் இப்படி ஒரு புருஷன் கிடைக்குமா என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எழுந்து உள்ளே போய்விடுவேன்.

ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் பூஜை நடந்தது. மாலை, சந்தனம், கற்பூரம், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், எல்லாம் முறைப்படி. அம்மாவைத் தூக்கி முன் சீட்டில் உட்காரவைத்தார்கள். செத்த கையை எடுத்து நான்தான் அவள் மடியில் வைத்தேன். பாபநாசம் ரோட்டில் சேரன்மாதேவி தாண்டியதும் ரோடு காலியாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் பச்சை வயல். அப்பா ஆக்ஸிலேட்டரை மிதித்தார். முள் ஏறிக்கொண்டே போனது. பொய் சொல்லக் கூடாது, அது பறக்கத்தான் செய்தது.

“பாத்தியா, எப்படிப் போவுதுன்னு” என்றார் அப்பா, அம்மா பக்கம் திரும்பி. அவர் முகத்தில் அத்தனை சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அம்மா வாயைக் கூட்டிச் சொல்லி முடிக்க வெகு நேரம் ஆயிற்று.

“இப்பம் என்னங்க அவசரம். பைய போங்க.”

அப்பா காலை எடுத்துவிட்டார். பின்னால் வந்த பாபநாசம் பஸ் ஹாரன் அடித்து எங்களை முந்திக்கொண்டு போயிற்று.