ஒன்பதாவது லாடம்

இருபது வருஷம் மாட்டுவண்டி ஓட்டிய திருமங்கலம் நல்லகாமன், 1982-ல் அம்பாசடர் கார் வாங்கி டாக்சி ஓட்டத் தொடங்கினார். ஆறே மாதத்தில், கார் விற்ற கம்பெனிக்காரர்கள் ஒன்பது சர்வீஸ் வேலைகள் எழுதிய சீட்டை நீட்டினார்கள். அத்தனையும் உடனே செய்தாக வேண்டுமாம்.

அவனியாபுரம் மெக்கானிக் கருப்பு அந்தச் சீட்டைப் பார்த்துச் சிரித்தான். "நல்லா ஓடுற வண்டிய எதுக்குண்ணே பிரிக்கணும்? ஆயில மட்டும் மாத்துங்க, போதும்."

நல்லகாமன் யோசித்தார். கருப்பு சொல்வதும் நியாயந்தான். ஆனால் மாடு நொண்டட்டும் என்று காத்திருந்தா லாடம் அடித்தார்? தேயும்போதே அடித்துவிடுவாரே! பொங்கலுக்குக் கொம்பில் பெயிண்டும் அடித்தார்; அது இல்லாவிட்டாலும் மாடு நடக்கத்தான் செய்யும்.

மறுநாள் கம்பெனிக்கே போய்விட்டார்.

"தம்பி, இதுல லாடம் எது, கொம்புக்கு அடிக்கிற பெயிண்ட் எது? மறைக்காமச் சொல்லுங்க."

டை கட்டியவர் முழித்தார். நல்லகாமன் விளக்கிச் சொன்னதும், "ஒம்பதுமே லாடந்தாண்ணே!" என்றார்.

மாட்டுக்குப் பிளந்த குளம்பு என்பதால், காலுக்கு இரண்டு லாடமாக நல்லகாமன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். நாலு காலுக்கும் எட்டுத்தான் வந்தது.

"எட்டு சரி தம்பி. ஒம்பதாவத எங்க அடிப்பீங்க?"