அப்பா சுத்தம் செய்த மீன்

இந்த நாட்டில் ஜனங்கள் லீவு போட்டுவிட்டு, பிள்ளைகுட்டிகளோடு, கைக்காசைக் கொடுத்து நாறிக்கொண்டு வரப் போகிறார்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை. மெக்சிகோ வளைகுடாக் கரையில் இருக்கும் எங்கள் சின்ன டவுனில், சனிக்கிழமை மத்தியானம் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனால், வரிசையில் எனக்கு முன்னால் நிற்கிற மனுஷன் மேல் மீன்வாடை குப்பென்று அடிக்கும். அவன் கூச்சப்பட மாட்டான். "சாரி, ஃபிஷிங் போயிருந்தேன்" என்று பல் தெரியச் சிரிப்பான். பின்னால் நிற்கிறவள் "அட, என்ன மாட்டிச்சு?" என்று இன்னும் கிட்ட வந்து கேட்பாள். நாறுகிற ஆளை நோக்கி ஒருத்தி நெருங்கி வருவதை, ஆம்பூரில் பிறந்து வளர்ந்த நான் இங்கே வந்துதான் பார்த்தேன்.

எங்கள் ஊரில் நெருங்க மாட்டார்கள், விலகுவார்கள். நான் எட்டாவது படிக்கும்போது, கண் டாக்டரிடம் காட்டுவதற்காக அப்பா வேலை முடிந்த கையோடு என்னை வேலூர் பஸ்ஸில் ஏற்றினார். குளித்துவிட்டுத்தான் வந்தார். லைஃப்பாய் போட்டு இரண்டு முறை குளித்தாலும் போகாது அந்த வாடை. தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்கிறவர்களுக்கு அது சதையோடு ஒட்டியது. பக்கத்து சீட்டுக்காரம்மா முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து, டிரைவருக்குப் பின்னால் போய், யாரோ மாதிரி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்டக்டர் வந்தார். அப்பா இரண்டு டிக்கெட் கேட்டார். "இன்னொன்னு யாருக்குய்யா?" என்றார் கண்டக்டர். அப்பா என்னைப் பார்த்தார். "முன்னால நிக்குதே, அந்தப் பாப்பாவுக்கு. தெரிஞ்சவங்க பொண்ணு" என்றார். பஸ் பள்ளிகொண்டா தாண்டும்வரை நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அப்பாவின் பெயர் அருள்தாஸ். தோல் ஷாப்பில் ஃப்ளெஷிங் வேலை செய்தவர். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறி முடி உதிர்ந்த தோலை, சாய்வான மரத்தின் மேல் போட்டு, வயிற்றால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பிடி வைத்த கத்தியால் உள்பக்கச் சதையை வழித்துத் தள்ள வேண்டும். கத்தி ஒரு நூல் கீழே இறங்கினால் தோலில் கீறல் விழும், கிரேடு இறங்கும். அப்பா வழித்த தோலில் கீறல் இருக்காது. அந்தக் கைகளால்தான் நான் வேலூர் பாகாயத்தில் நர்சிங் படித்தேன், கப்பலோ கழுதையோ இல்லாமல் விமானத்தில் ஏறி இங்கே வந்தேன், ஆஸ்பத்திரியில் பெயர்ப் பட்டை குத்திக்கொண்டு நிற்கிறேன். இந்த நாலு வரியை எழுத எனக்குப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

வெள்ளைக்காரர்கள் யாரும் என்னிடம் அப்பா என்ன வேலை என்று கேட்டதில்லை. கேட்கிறவர்கள் நம்மவர்கள்தான். என்னோடு வேலை செய்யும் கல்பனா சென்னைக்காரி. தங்கமான பொம்பளை. என் மகள் ரேச்சலுக்கு அம்மை போட்டபோது பத்து நாள் கஞ்சி வைத்துக் கொண்டுவந்தவள். அவள் கேட்டதில் விஷமம் எதுவும் இல்லை. ஆனால் "அப்பா என்ன பண்ணிட்டு இருந்தார்?" என்று ஒரு தமிழர் இன்னொரு தமிழரிடம் கேட்டால் அதற்குள்ளே இன்னொரு கேள்வி உட்கார்ந்திருக்கும். எந்தத் தெரு, எந்த ஆட்கள் என்கிற கேள்வி. தோல் என்று சொன்னால் பதிலும் அங்கேயே கிடைத்துவிடும். போன வருஷம் அப்பா முதல்முறையாக இங்கே வந்த முதல் வாரம், கல்பனா வீட்டுக்குச் சாப்பிட வந்து இதைக் கேட்டாள். அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்: "லெதர் எக்ஸ்போர்ட் கம்பெனில சூப்பர்வைசர்." அப்பா என்னைப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்து, வாயில் இருந்த சோற்றை மென்று விழுங்கினார்.

அப்பா இங்கே இருந்தபோதே நாங்கள் போன மீன்பிடிப் பயணம் கல்பனாவின் ஏற்பாடு. ஃபேமிலி ஃப்ரெண்ட்லி சார்ட்டர் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. ஒரு வாடகைப் படகில் ஆறு பேர். கல்பனா, அவள் கணவர், மகன் வருண். நான், ரேச்சல், அப்பா. என் கணவருக்கு அன்றைக்கு டியூட்டி. தூண்டில், இரை, லைசென்ஸ் எல்லாம் படகுக்காரர் பொறுப்பு. நாம் தொப்பியும் வாந்தி மாத்திரையும் கொண்டுபோனால் போதும். படகை ஓட்டியவர் கேப்டன் டோனா. அறுபது வயது இருக்கும், கருங்காலி மாதிரி கறுத்த தோள், குரல் மட்டும் கண்ணாடி உடைவது போல. குழந்தைகளுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டு, "என் படகில் யார் வேண்டுமானாலும் கத்தலாம், அழலாம், வாந்தி எடுக்கலாம், யாரும் வெட்கப்பட மட்டும் கூடாது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவருக்கு என்ன தெரியும், பாவம்.

அப்பா அதற்கு முன் கடலைப் பார்த்தது மெரினாவில் ஒரே ஒரு தடவை. பாலாற்றில் தண்ணீர் ஓடிப் பார்த்தவர்களே எங்கள் ஊரில் கம்மி. ஆனால் அந்த மனுஷன் படகில் ஏறினதிலிருந்து ஒரு சின்னப் பையன் மாதிரி இருந்தார். அரை மணி நேரத்தில் அவர் தூண்டிலில் ஒரு ஸ்னாப்பர் மீன் மாட்டியது. சிவப்புச் சிவப்பாகத் துள்ளியது. "ஏய் ரேச்சல், பாரு, பாரு! இன்னா கலரு!" என்று கூவினார். டோனா ஓடிவந்து, கையை உயர்த்தி உள்ளங்கையைக் காட்டினார். இங்கே சந்தோஷம் வந்தால் இப்படித்தான், கையோடு கை தட்டிக்கொள்வார்கள். அப்பா சட்டென்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார்.

டோனாவின் முகம் மாறியது. "ஓ, மன்னிக்கணும். உங்கள் மதத்தில் பெண்களைத் தொடக் கூடாதோ?" என்று என்னைக் கேட்டார். மதமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. வேலை செய்த கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் அப்பா யார் மேலும் வைக்க மாட்டார். நான் குழந்தையாக இருந்தபோது வாசலில் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டால், கைகளைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்பார். ஷாப்பில் வேலை செய்த எல்லா அப்பாக்களும் எங்கள் தெருவில் அப்படித்தான் நின்றார்கள். இதை டோனாவிடம் சொல்ல எனக்கு இங்கிலீஷ் இல்லாமல் இல்லை. கல்பனா பக்கத்தில் இருந்தாள். "ஆமாம், எங்கள் பக்கத்து வழக்கம்" என்று சொல்லிவிட்டேன். டோனா பயபக்தியோடு நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். அப்பா ஒன்றும் புரியாமல் தானும் குனிந்தார்.

மத்தியானம் வருண் தூண்டிலில் பெரிய மீன் ஒன்று சிக்கியது. அவனும் அவன் அப்பாவும் சேர்ந்து இழுத்தார்கள், கடைசியில் டோனா கொக்கி போட்டுத் தூக்கினார். கோபியா என்றார். ரேச்சல் உயரம் இருந்தது. வருண் படகு அதிரக் குதித்தான். அப்பா மட்டும் குனிந்து, அதன் முதுகை விரலால் தடவிப் பார்த்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "ஷீலா, கன்னுக்குட்டித் தோல் மாதிரி இருக்குதும்மா" என்றார். "சும்மா இருப்பா" என்றேன்.

கரைக்குத் திரும்பியதும், மீனைச் சுத்தம் செய்து கொடுப்பதும் அவர்கள் பொறுப்புதான். கரையோரத்தில் நீளமான மேஜை, குழாய், கழிவைத் தள்ள ஒரு சரிவு, அதன் கீழே தண்ணீரில் கொக்கு மாதிரி காத்திருக்கும் நாலைந்து பெலிக்கன்கள். டோனா கோபியாவின் ஒரு பக்கத்தைத் தோலோடு அறுத்து எடுத்து வைத்தபோது அவருக்கு போன் வந்தது. கத்தியை வைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனார். ரேச்சலுக்குப் பொறுமை இல்லை. "தாத்தா, யூ டூ இட்!" என்றாள்.

"செய்யட்டுமாம்மா?" என்று அப்பா என்னைக் கேட்டார். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள், "செய்யட்டுமே ஷீலா, அங்கிளுக்கும் ஆசையா இருக்கு பாரு" என்றாள் கல்பனா.

அப்பா துண்டத்தை மேஜையின் நடுவில் வைக்கவில்லை. விளிம்பில் சாய்வாகத் தொங்கப் போட்டார், தோல் கீழே, சதை மேலே. தொங்கிய நுனியை வயிற்றால் மேஜையோடு அழுத்திக்கொண்டார். கத்தியின் முனையில் ஒரு துணியைச் சுற்றி, இரண்டு கைகளாலும் பிடித்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. வேறு யாருக்கும் தெரிய நியாயமில்லை. சரக், சரக் என்று கத்தி இறங்கியது. வெள்ளை வெளேரென்ற சதை பிசிறு பிசிறாகச் சுருண்டு விழுந்தது. முழங்கையால் அதைச் சரிவில் தள்ளினார். பெலிக்கன்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி விழுங்கின. குழந்தைகள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். தோல் ஷாப்பில் தோல்தான் சாமான், சதை குப்பை. வேலையை விட்டு ஐந்து வருஷமாகக் கத்தி பிடிக்காத கை, பிடித்தவுடன் தன் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்தது. "அப்பா, நிறுத்து, அது மீன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், அவர் என்ன செய்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

இரண்டே நிமிஷம். அப்பா தோலைத் தூக்கி வெயிலில் பிடித்தார். கட்டைவிரலால் ஓரம் முழுக்கத் தடவினார். "ஒரு கட்டு, ஒரு கீறல் இல்ல பாரு!" என்றார். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் ஊரில்கூடப் பார்த்ததில்லை.

"மை ஃபிஷ்!" என்றான் வருண்.

அப்பா மேஜையைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார், கடைசிப் பிசிறை விழுங்கிக்கொண்டிருந்த பெலிக்கனைப் பார்த்தார். "அய்யய்யோ" என்றார். "அய்யய்யோ, இன்னா வேலை பண்ணிட்டேன். பையன் புடிச்ச மீனாச்சே." கத்தியை வைத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

போனை முடித்துவிட்டு வந்த டோனா தோலைத்தான் முதலில் பார்த்தார். எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து விசில் அடித்தார். இன்னொரு பக்கம் முழுசாக இருக்கிறதே, ஆளாளுக்கு நாலு நாள் சாப்பிடலாம் என்று வருணைத் தட்டிக்கொடுத்தார். பிறந்ததிலிருந்து மீன் அறுக்கிறாராம், இப்படி ஒரு தோலைப் பார்த்ததே இல்லையாம். உப்புப் போட்டுக் காயவைத்து, தன் கடைச் சுவரில் மாட்டப் போவதாகச் சொன்னார். ஒரு அட்டையையும் பேனாவையும் எடுத்தார். "இவர் பெயர் என்ன? இவர் தொழில் என்ன? எழுதி ஒட்டணும்."

பெயரைச் சொன்னேன். தொழில் என்றபோது கல்பனாவும் திரும்பினாள். "ஆமா அங்கிள், சூப்பர்வைசர்னுதானே ஷீலா சொன்னா? கை வேலைகூட இவ்வளவு சுத்தமா வருதே!" என்றாள். அவள் குரலில் ஆச்சரியம் தவிர எதுவும் இல்லை என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். டோனாவின் பேனா அட்டையின் மேல் நின்றது. இந்த உலகத்தில் அந்த வேலையைக் கேட்டு எழுந்து நின்று கைதட்டக்கூடிய ஒரே மனுஷி எதிரில் காத்திருந்தாள். நான் கல்பனாவைப் பார்த்தேன்.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். பஸ்ஸில் பார்த்த அதே பார்வை. பிறகு கல்பனாவைப் பார்த்துச் சிரித்தார். "சூப்பர்வைசர்னா எல்லா வேலையும் தெரிஞ்சிருக்கணும்மா. இல்லாட்டி லேபர் மதிக்க மாட்டான்" என்றார். டோனாவிடம், தன் ஃபேக்டரி இங்கிலீஷில், கொஞ்சம் நிமிர்ந்து நின்று, "சூப்பர்வைசர், மேடம்" என்றார். டோனா பெரிய எழுத்தில் அதை எழுதினார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பொய் சொன்னது நான். அதை நிமிர்ந்து நின்று காப்பாற்றியது, வாழ்க்கையில் சர்ச் வாசல்படியைக்கூட ஓரமாக ஏறுகிற மனுஷன்.

வீடு ஒரு மணி நேர ஓட்டம். அப்பா முன் சீட்டில் இருந்தார். கரையில் குழாயில் கை கழுவியிருந்தார், சோப்பு இல்லை. அதனால் சீட்டில் பட்டுவிடாதபடி இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்திருந்தார். ரேச்சல் பின்னால் உட்கார்ந்து தன் விரல்களை மோந்து மோந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள், நாளைக்கும் இந்த வாடை இருக்குமா, ஸ்கூலில் எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்று. டவுன் எல்லையில் சிக்னல் விழுந்தது.

"கரெக்ட்டாத்தானேம்மா சொன்னேன்?" என்றார் அப்பா மெதுவாக. "அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் டவுட் வரலையே?"

அதே நேரத்தில் ரேச்சல் முன்னால் சாய்ந்து, இங்கிலீஷில் கேட்டாள்: "அம்மா, தாத்தா நிஜமாவே சூப்பர்வைசரா?"

பச்சை விழுந்தது. பின்னால் இருந்த வண்டி, இங்கே அபூர்வமாக, ஹாரன் அடித்தது. இருவரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமாம்" என்றேன், இரண்டு பேருக்கும் சேர்த்து.

அப்பா நிம்மதியாகச் சீட்டில் சாய்ந்துகொண்டார். பின்னால் ரேச்சல் அந்த வார்த்தையைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.