ஐந்து சட்டை ஞாயிறு

அவளுக்குப் போட்டோ எடுக்கப் பிடிக்காது. பிடிக்காது என்றால் வெறுப்பு என்று அர்த்தமில்லை. வெறுப்பதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. ஆஸ்பத்திரியின் துணி வெளுக்கும் கூடத்தில் பதினாறு வருஷமாக இஸ்திரி போடுகிறாள். ஒரு நாளைக்கு முந்நூறு விரிப்பு, அதே அளவு தலையணை உறை, டாக்டர்களின் கோட்டு தனி. அங்கே எல்லோருக்கும் அவள் இஸ்திரி அக்கா. காலையில் நின்றால் சாயங்காலம்தான் உட்காருவாள். வீட்டுக்கு வந்து காலை நீட்டிச் சுவரில் சாய்ந்துவிட்டால், கண்ணெதிரே உலகமே புரண்டாலும் அதைப் படம் பிடித்து வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றாது.

தம்பி விட்டால்தானே. கடல் தாண்டி ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் லீவு. போன தடவை வந்தவன் அவள் கையில் ஒரு போனைத் திணித்தான்.

"கேமரா சூப்பரா இருக்கும்க்கா. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அப்பாவை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. அது போதும் எனக்கு."

அது போதும் என்று சொல்கிறவர்களுக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். மாட்டிக்கொள்கிறவள் பாடுதான் பாடு. வீடியோவில் பேசிக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. போன் மணி அடித்தாலே அப்பா பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். கேட்டால் போனில் காது கேட்கவில்லை என்பார்.

ஆக, அவள் கடனே என்று எடுத்தாள். விரல் பாதியை மறைக்கும், இல்லையென்றால் அப்பாவுக்குக் கழுத்துக்கு மேல் ஒன்றும் இருக்காது.

"அப்பா தலை எங்கக்கா?" என்று தம்பி கேட்பான்.

"அப்பாகிட்டதான் இருக்கு. பத்திரமா இருக்கு."

வாரத்தில் அவளுக்கென்று இருப்பது அந்த ஒரு நாள். அதிலும் அப்பாவை எழுப்பி, சட்டை மாட்டி, சிரிக்கச் சொல்லி, இரண்டு தடவை எடுத்து, அது போகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஒரு யோசனை வந்தது. சோம்பேறித்தனத்தில் வருகிற யோசனைக்கு இருக்கிற அழகே தனி. ஒரே நாளில் ஐந்து போட்டோ, ஐந்து சட்டை. நாற்காலியை ஜன்னலோரம் ஒரு தடவை, கதவோரம் ஒரு தடவை, அலமாரிக்கு முன்னால் ஒரு தடவை என்று நகர்த்திக்கொண்டால் ஐந்து வாரத்துக்குக் கவலை இல்லை. எடுத்து வைத்துக்கொண்டு வாரம் ஒன்றாக அனுப்பலாம்.

அப்பா ஓய்வுபெற்ற தையல்காரர். சட்டை மாற்றுவது என்றால் அவருக்கு உற்சாகம். உள்ளே போய் வேறு சட்டையோடு வந்து நின்று, "இதோ, ரெண்டாவது வாரம் வந்துட்டேன்" என்பார். அப்பாவும் மகளும் சேர்ந்து தம்பிக்குக் காது குத்தினார்கள் என்றே சொல்ல வேண்டும். ஒரு தடவை மட்டும் மாட்டிக்கொள்ளப் பார்த்தார்கள். ஐந்து போட்டோவிலும் தாடையில் அதே பிளாஸ்திரி.

"வாரா வாரம் அதே இடத்துலயா வெட்டிக்கிறாரு?" என்று தம்பி கேட்டான்.

"பழக்கதோஷம்டா" என்று சொல்லிச் சமாளித்தாள். இப்படியே ஒரு வருஷம் ஓடிவிட்டது.

போன வெள்ளிக்கிழமை தம்பி கூப்பிட்டான். "லீவு இப்ப வேணுமா, அடுத்த வருஷம் எடுத்துக்கிறியான்னு கேக்கறாங்கக்கா. இப்ப போகாம இருந்தா சூப்பர்வைசரா போடுவாங்க. அப்பாவும் போட்டோல கல்லு மாதிரிதான் இருக்காரு. இந்த ஞாயித்துக்கிழமை போட்டோவையும் பாத்துட்டு திங்கக்கிழமை சொல்லிடறேன்."

"உம்" என்றாள். கால் வலித்துக்கொண்டிருந்தது. கையிருப்பில் இருந்த போட்டோக்கள் தீர்ந்துவிட்டன என்பதுதான் அந்த நேரத்தில் அவளுக்கு ஞாபகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா குளிக்கப் போயிருந்தார். அவர் துணியை அவரே துவைத்து அவரே இஸ்திரி போட்டுக்கொள்வார். வீட்டிலும் இஸ்திரிப் பெட்டியைத் தொடமாட்டேன் என்று அவள் எப்போதோ கறாராகச் சொல்லிவிட்டாள். அன்றைக்கு, சீக்கிரம் முடித்துவிட்டுப் படுக்கலாமே என்று அலமாரியிலிருந்து ஐந்து சட்டையையும் அவளே எடுத்துப்போட்டாள். தொழில் பழக்கம், முதலில் உள்பக்கத்தைத் திருப்பினாள்.

பக்கவாட்டில் ஒரு தையல் உள்ளே தள்ளிப் போட்டிருந்தது. அதற்கும் உள்ளே இன்னொரு தையல். அதற்கும் உள்ளே மூன்றாவது. மெஷினில் போட்டதல்ல, கையால் போட்டது. கோடு போட்ட மாதிரி தைக்கிற மனுஷனுடைய தையல், எறும்பு வரிசை கலைந்த மாதிரி அலைந்தது. அடுத்த சட்டையைத் திருப்பினாள். அதிலும் மூன்று. ஐந்திலும் மூன்று. விரித்து வைத்துச் சாண் போட்டுப் பார்த்தாள். அப்பாவின் சட்டையில் ஒரு சாண் அகலம் காணாமல் போயிருந்தது.

சட்டை எப்போதும் உடம்புக்கு அளவாகத்தான் இருந்தது. முகமோ, பிறந்ததிலிருந்தே ஒட்டின முகம். தட்டில் சாப்பாட்டைப் போட்டு மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போவாள், வந்து தட்டைக் கழுவுவாள். நடுவில் அவர் சாப்பிட்டாரா, கொட்டினாரா என்று யார் கண்டது?

அப்பா தோளில் துண்டோடு வந்து நின்றார். திருப்பிப் போட்ட சட்டைகளைப் பார்த்தார்.

"எப்பலேருந்துப்பா?"

"தொளதொளன்னு போட்டுக்கிட்டு நின்னா தையக்காரன் மானம் என்னாகும்?"

"அப்பா."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். "மூணு மாசம் இருக்கும். சாப்பாடு இறங்க மாட்டேங்குதும்மா. முழுங்கினா நெஞ்சுல நிக்குது."

"ஏன் சொல்லல?"

"எப்ப சொல்றது? நீ வரும்போதே கண்ணு சொருகிக்கிட்டுதானே வர்ற."

அவர் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்கிற மாதிரி சொன்னார். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

"சரி, அதைக் கொடு. அந்த நீலத்தை முதல்ல போட்டுக்கறேன்" என்று கையை நீட்டினார். "அவனுக்குப் பெரிய வேலை வருதாமே. கெடுத்துடாதே. அஞ்சு வாரத்துக்கு எடுத்து வெச்சுடு. அதுக்குள்ள பாத்துக்கலாம்."

ஒரு நிமிஷம் அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. நீலச் சட்டை, ஜன்னலோரம், ஒரு அமுக்கு. தம்பியும் நிம்மதியாக இருப்பான். இந்த ஒரு வருஷத்துப் பித்தலாட்டத்தையும் யாரிடமும் விளக்க வேண்டாம். போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

"சட்டை வேண்டாம்பா. அப்படியே உக்காருங்க."

"இப்படியேவா? பாக்க நல்லாவா இருக்கும்?"

"துண்டையும் எடுத்துடுங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார். அவள் போனைத் தூக்கிப் பிடித்தாள். தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் இரண்டு குழி. விலா எலும்பை எண்ணிவிடலாம். கை இவ்வளவு மெலிந்து போனால் கத்தரிக்கோலைக்கூடத் தூக்க முடியாதே, இவர் எப்படி ஐந்து சட்டையைப் பிடித்துத் தைத்தார்? போனை இன்னும் கொஞ்சம் தூக்கி, தலை தெரிகிறதா என்று பார்த்தாள்.

"என்னம்மா இவ்வளவு நேரம்? பொசுக்குன்னு எடுத்துட்டுப் போயிடுவியே" என்றார் அப்பா.

எடுத்தாள். ஒன்றுதான். தலையும் இருந்தது, விரலும் மறைக்கவில்லை. உடனே தம்பிக்கு அனுப்பி, கீழே எழுதினாள்: இது இன்றைக்கு எடுத்தது, நாளைக்குக் காலையில் எங்கள் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போகிறேன்.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, போன் அடித்தது. அப்பா வழக்கம்போல எழுந்து பாத்ரூமுக்குப் போகவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்.

"அக்கா, என்னக்கா இது? போன வாரம் நல்லா இருந்தாரே?"

"அது போன வாரம் இல்லடா" என்று ஆரம்பித்தாள். ஐந்து சட்டையையும், நகர்த்திய நாற்காலியையும், ஒன்றுவிடாமல் சொன்னாள். சட்டையின் உள்பக்கத்தையும் சொன்னாள். திட்டுவான் என்று காத்திருந்தாள். அவன் பின்னால் ஏதோ இரும்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"லீவுக்கு இப்பவே சொல்லிடறேன். செவ்வாய்க்கிழமை கிளம்பறேன்" என்றான். பிறகு, கோபமே இல்லாமல் கேட்டான்: "எனக்குப் போட்டோதான்க்கா. நீ கூடவே இருந்தியே?"

அவள் கட்டிலைப் பார்த்தாள். அப்பா நீலச் சட்டையை எடுத்து, வெளிப்பக்கம் திருப்பி, மெதுவாகப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"கூடவேதான்டா இருந்தேன்" என்றாள்.