கச்சான் காற்றில் ஒரு பாடம்

சண்டைக் காலத்தில், வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரைக்கு மண்ணெண்ணெய் வருவது அருமை. டோர்ச் பற்றரியைச் சோதனைச் சாவடி தாண்டிக் கொண்டுவர விடமாட்டார்கள். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு, புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்குள் பரீட்சை என்ற சொல் நுழைந்ததே என்னோடுதான். இரவில் படிக்க வெளிச்சமில்லாவிட்டால், கரண்ட் இருக்கிற அக்கரையில் பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் விடுவதென்று முடிவாகியிருந்தது. பெரியம்மா நல்லவர்தான். ஆனால் அம்மாவை விட்டுப் போய்ப் படிப்பதைவிடப் படிக்காமலே இருக்கலாம் என்பது என் கட்சி.

வாவியில் மீன் பிடிக்கிற அப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. பழைய சைக்கிள் சில்லில் தகரத் தகடுகளைக் கட்டி, சில்லின் விளிம்பில் டைனமோ உரசும்படி வைத்து, முற்றத்துக் கம்பத்தில் ஏற்றினார். காற்றுக்குச் சில்லு சுற்ற வேண்டும், பல்ப் எரிய வேண்டும். தகடுகளைத் துடுப்பு மாதிரித் தட்டையாக, காற்றுக்கு நேரே நெஞ்சைக் காட்டும்படி பூட்டியிருந்தார். துடுப்புப் பிடித்த கைக்கு வேறு விதம் தோன்றவில்லை.

“ஆருடைய தலையிலயும் விழாட்டிக் காணும்,” என்றார் அம்மா.

இருட்டுப்படும் நேரத்தில் சோதனை. அளந்து பார்க்க மீற்றரா இருந்தது? அளவுகோல் நான்தான். பல்ப்பின் கீழே இருந்து ஒரு பாடத்தை உரத்து வாசிக்க வேண்டும். முழுதாக முடித்தால் வீடு. இடையில் நின்றால் அக்கரை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எழுத்துத் தெரியாது. ஆகவே பாடத்தை நானே தெரிவு செய்தேன். தலைகீழாகப் பாடமாக்கி வைத்திருந்த பாடம்.

மேற்கேயிருந்து வரும் கச்சான் காற்று ஒரு வீச்சு வீசியது. சில்லு முனகிக்கொண்டு சுற்ற, பல்ப் மஞ்சளாகக் கண் திறந்தது.

“எழுத்துத் தெரியுதா மனே?” கம்பத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தபடி அப்பா கேட்டார்.

“ஓம் அப்பா, வடிவாத் தெரியுது!”

ஐந்தாம் வரியில் காற்று விழுந்தது. பல்ப்பும் போனது. நான் நிற்கவில்லை, குரலைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டேன். அம்மா மெல்ல வந்து பக்கத்தில் குந்தி, புத்தகத்தின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார். அதையும் தாண்டி வாசித்தேன்.

“என்னகா, கைக்குள்ளாலயும் வாசிப்பாய் போல கிடக்கு,” என்று காதுக்குள் சொன்னார். அப்பாவிடம் காட்டிக்கொடுக்கவில்லை.

பாடம் முடிந்ததும் அப்பா தொண்டையைச் செருமினார்.

“சரி, காணும். நீ இஞ்சயே இருந்து படி.”

மறுநாள் விடியவே அவர் கம்பத்தில் ஏறியிருந்தார். சோதனையில் தேறிய சில்லை ஏன் திருத்துகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. தோணிப் பாயைக் காற்றுக்குச் சரித்துப் பிடிப்பாரே, அதுபோல ஒவ்வொரு தகட்டையும் கொஞ்சம் திருப்பிப் பூட்டினார். அன்று பின்னேரம் சில்லு இரைந்துகொண்டு சுற்றியது. இருட்டியபின் நான் அறியாத பாடம் ஒன்றையும் எழுத்தெழுத்தாகப் பார்த்தே வாசித்தேன்.

அப்பாவை ஏமாற்றிவிட்டோமே என்ற உறுத்தல் பல வருடம் எனக்குள் கிடந்தது. கூடவே கள்ளப் பெருமை ஒன்றும். வளர்ந்த பிறகுதான் ஒருநாள் உறைத்தது. அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது, சரி. பல்ப் அணைந்ததைப் பார்க்க எழுத்துத் தெரிந்திருக்க வேண்டுமா என்ன?