எவருக்கும் புரியும்படி ஒரு கோப்பு

தொண்ணூறுகளின் கடைசியில் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் சென்டரில் எனக்கு வேலை. நியமன உத்தரவில் பதவியின் பெயர் என்னவோ நீளமாக இருந்தது. செய்த வேலை, ஆராய்ச்சி மாணவர்களின் டேட்டாவைப் பத்திரமாக வைத்துக்கொள்ள உதவுவது. பத்திரம் என்றால் என்ன என்பதையே முதலில் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தது. ஒருவர் பூஞ்சை பிடித்த ஃப்ளாப்பியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே வந்து நிற்பார். இன்னொருவருடைய பல வருட உழைப்பு 'புதுசு', 'ரொம்பப் புதுசு', 'கடைசி', 'கடைசிக்கும் கடைசி' என்ற பெயர்களில் கிடக்கும். அதில் எதுவுமே கடைசியாக இருக்காது. எனக்குச் சட்டென்று கோபம் வரும். கத்துவேன். பிறகு உட்கார்ந்து சரிசெய்து கொடுப்பேன்.

அப்படி வந்த ஆராய்ச்சி மாணவிகளில் ஒருத்தி அவள், படாளத்துப் பெண். விவசாயக் குடும்பம், அந்த வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறுவதைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். மாதாமாதம் பஸ் பிடித்துப் போய், இறால் பண்ணைகளையும் சவுக்குத் தோப்புகளையும் சுற்றி நடந்து, வீடு வீடாகக் கிணற்றில் வாளி விட்டுத் தண்ணீரை அளந்து வருவாள். மூன்று மழைக்காலம் அப்படி அலைந்திருந்தாள். அந்த எண்கள்தான் அவளுடைய டாக்டர் பட்டம், வரப்போகும் வேலை எல்லாம். வீட்டில் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட அவளுக்கு இருந்த ஒரே சாக்கும் அதுதான்.

அவளுடைய ஃபைலைத் திறந்த அன்று எனக்குத் தலை சுற்றியது. கிணறுகளுக்கு அவளே பெயர் வைத்திருந்தாள்: நாய் வீடு, சண்டைக்காரம்மா, முருங்கை, மோர் கொடுத்த வீடு. எந்த நாய், எந்த ஊர் முருங்கை என்று எங்கேயும் இல்லை. உப்பை அளக்கும் மீட்டர் நடுவில் சில மாதம் கூடுதலாகக் காட்டியதாம். எந்தெந்த மாதம், எவ்வளவு கழிக்க வேண்டும் என்பதும் அவள் தலைக்குள்தான் இருந்தது. நாளைக்கே உனக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டால் இதை யார் படிப்பது என்று கேட்டேன்.

"யாரும் படிக்கக் கூடாதுன்னுதான்க்கா அப்டி வெச்சிகீறேன்" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். ஆராய்ச்சி என்ன உன் வீட்டு நகைப்பெட்டியா என்று பிடித்துக்கொண்டேன். எங்கள் சென்டரின் பொதுக் கம்ப்யூட்டரில் போடச் சொன்னேன். ஒவ்வொரு கிணற்றுக்கும் முறையான எண், இடம், மீட்டர் பிழை எல்லாவற்றையும் எவருக்கும் புரியும்படி ஒரு விளக்கக் கோப்பில் எழுதச் சொன்னேன். அவள் பயந்தாள். பயப்பட ஒன்றுமில்லை என்று விதியைக் காட்டினேன். ஆய்வேட்டைக் கொடுத்து முடிக்கும்வரை ஒருவருடைய டேட்டாவை அவரைக் கேட்காமல் யாரும் தொடக் கூடாது என்பது அந்த விதி. நான் எழுதியது, அவளுடைய கைடாகவும் துறைத்தலைவராகவும் இருந்த பேராசிரியர் கூட்டத்தில் எழுந்து ஆதரித்தது. திருக்கழுக்குன்றத்துக்காரர், நெற்றியில் விபூதி இல்லாமல் வகுப்புக்கு வராதவர். நீங்க இருக்கறதால நான் நிம்மதியா இருக்கேம்மா என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு மாணவரும் தன் டேட்டாவுக்கு வைத்த பாஸ்வேர்டை எழுதி ஒரு கவரில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கைடிடம் கொடுத்துவைப்பது எங்கள் வழக்கம். மாணவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் உழைப்பு வீணாகக் கூடாது என்பதற்காக. அவளுடைய கவரில் நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

விளக்கக் கோப்பை எழுத ஒரு கோடைக்காலம் முழுவதும் ஆனது. மத்தியானங்களில் அவள் வீட்டு வேர்க்கடலையைக் கொறித்துக்கொண்டே எழுதினோம். இடங்களைச் சரிபார்க்க ஒருநாள் நானும் அவளோடு கடலோரம் போனேன். சண்டைக்காரம்மாவை நேரில் பார்த்தேன். தண்ணி உப்புன்னு சொல்றதுக்கு மிஷினு வேற வோணுமா, வாயில ஊத்திப் பாரு என்று என்னையும் ஒரு பிடி பிடித்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் இருவரும் சிரித்துக்கொண்டே வந்தோம். எனக்குத் தங்கை கிடையாது. அன்று ஒருத்தி கிடைத்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

அடுத்த வருடம் மாமல்லபுரத்தில் கடற்கரை ஓட்டல் ஒன்றில் துறையின் கருத்தரங்கு நடந்தது. ஸ்லைடுகளை ஓட்டும் வேலை எனக்கு. இரண்டாம் நாள், பேராசிரியரின் பழைய மாணவர் ஒருவர் மேடைக்கு வந்தார். வேறொரு கல்லூரியில் விரிவுரையாளர். பதவி உயர்வுக்குக் காத்திருந்தவர். அவர் கைகாட்ட, நான் பொத்தானை அழுத்தினேன். திரையில் எங்கள் கிணறுகள் வந்து நின்றன. நாங்கள் வைத்த எண்கள், எங்கள் வரிசை. அடிக்குறிப்பில் மீட்டர் பிழையைப் பற்றிய விளக்கம், நான் எழுதிய வாக்கியமாகவே, கமா கூட மாறாமல். மேலே இரண்டே பெயர்கள்: அவருடையதும் பேராசிரியருடையதும்.

அடுத்து என்று அவர் கைகாட்டினார். நான் அடுத்ததை அழுத்தினேன். என் விரலை வெட்டிப் போட்டிருக்கலாம்.

அவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இடைவேளையில் தேடிப்போய், சத்தியமாக நான் கொடுக்கவில்லை என்றேன்.

"நீங்க குடுக்கலைன்னே வெச்சிக்கலாம்க்கா. அவருக்குப் புரியிற மாதிரி எழுதி வெச்சது யாரு?"

வேலியே பயிரை மேய்ந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். வேலி போட்டதே நான்தானே. மறுநாள் பேராசிரியர் அறைக்குப் போய்க் கேட்டேன். அவர் மழுப்பக்கூட இல்லை. கவரைப் பிரித்ததை, டிபனுக்கு என்ன சாப்பிட்டேன் என்று சொல்வதைப்போலச் சொன்னார். அந்தப் பையனுக்கு அவசரமாக ஒரு கட்டுரை தேவைப்பட்டதாம், டேட்டா துறையுடையதாம்.

"டேட்டாவைப் பூட்டி வைக்கக் கூடாதுன்னு நீங்கதானேம்மா எல்லாருக்கும் சொல்வீங்க" என்று சிரித்தார். அத்தனை வருடம் எனக்கு நிம்மதி சொன்ன அதே சிரிப்பு. ஊரான் வீட்டு நெய்யே என்று அள்ளிக் கொடுத்துவிட்டு, அதற்கு என் வார்த்தையையே சாட்சிக்கு இழுத்தார். வெளியே வந்ததும் அழுதேன். அழுததற்காக என் மேலேயே எரிச்சலாக வந்தது.

விடுவதாக இல்லை. பதிவாளரிடம் புகார் கொடுத்தேன். அவளிடம் சொன்னபோது அவள் வாயைத் திறக்கவில்லை. மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். விசாரணைக் குழு உட்கார்ந்தது. எந்த ஃபைலை யார் எப்போது போட்டார்கள் என்று கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த விவரங்களை மேசையில் பரப்பினேன். எல்லாம் தெளிவாக இருந்தது. குழுத் தலைவர் அவளை உள்ளே கூப்பிட்டு, அவளைக் கேட்காமல் டேட்டா எடுக்கப்பட்டதா என்று கேட்டார்.

அவள் மேசை விளிம்பைப் பார்த்தபடி நின்றாள்.

"நானேதான் சார் குடுத்தேன். அக்கா தப்பா நெனச்சிகினாங்க."

பேராசிரியர், பரவாயில்லை, தனக்கு என்மேல் வருத்தமில்லை என்றார். யார் மேலும் தவறு இல்லை என்று குழு எழுதியது. அவதூறாகப் பேசக் கூடாது என்று எனக்கு மட்டும் ஒரு மெமோ வந்தது.

அவளுக்கு வேறு வழி இல்லை என்பது எனக்குத் தெரியாதா? ஆய்வேட்டில் கைடு கையெழுத்துப் போடாவிட்டால் அவள் அலைந்த அலைச்சலெல்லாம் குப்பைக்குப் போயிருக்கும். பட்டமும் பிறகு கிடைத்தது. புத்திக்கு இதெல்லாம் புரிகிறது. அந்தப் பேராசிரியரை நினைத்தால் எனக்குக் கோபம் வரும், திட்டுவேன், ஆறிவிடும். அவள் விஷயம் இன்னும் ஆறவில்லை.

விசாரணை முடிந்து எல்லோரும் வெளியே வந்தபோது நான் வராந்தாவில் தூணோரம் நின்றிருந்தேன். பேராசிரியர் முன்னால் நடந்தார். அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் போனாள். என்னைத் தாண்டும்போது அந்தப் பையை நான் நின்ற பக்கத் தோளுக்கு மாற்றி, தன் முகத்தை மறைத்துக்கொண்டாள்.