தனகோட்டியின் கிழக்கு

திண்டிவனம் ரயில் நிலையத்தில் தனகோட்டி விழுந்துவிட்டார் என்று கல்லூரி வாசலில் சொன்னார்கள். "மாரடைப்பாம் சார். வண்டி வர்றதுக்குள்ள போயிட்டாராம்." எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. விழுப்புரத்தில் பாடம் எடுக்க அந்த மனிதர் தினமும் அப்படி ஓடியிருக்கத் தேவையே இல்லை. அவரோடு இயற்பியல் துறையில் இருந்தவர்களுக்கு ஏன் என்று தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

திண்டிவனத்தை அடுத்த வல்லம் பக்கத்து விவசாயக் குடும்பம் அவருடையது. இடது, வலது என்று வாயில் வரவே வராது. பந்தியில்கூட, "சார், கொஞ்சம் மேற்கால நவுருங்க" என்பார். "இலையக்கூட திசை பாத்துத்தான் போடணுமா உங்களுக்கு?" என்று கிண்டல் செய்வேன். "எடது வலது நம்மகூடவே திரும்பிக்கினு இருக்கும் சார். கெழக்கு அங்கியே இருக்கும்" என்பார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் வெளியூர் ஆய்வகம் ஒன்றின் நியூட்ரான் சோதனைக்கு நாங்கள் இருவரும் கணக்குப் போட்டோம். ஒவ்வொரு நியூட்ரானுக்கும் ஸ்பின் உண்டு. சின்னக் காந்தமுள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா முள்ளையும் ஒரே திசையில் நிறுத்தி அனுப்பினால் மறுமுனையில் எத்தனை அப்படியே நிற்கும்? அந்தப் பயணத்தைக் கைசுற்றுக் கணக்கு இயந்திரத்தில் நடத்திப் பார்ப்பதுதான் வேலை. வழியில் ஒரு படிகத்தில் பட்டு நியூட்ரான் கதிர் திரும்பும். அதுவரை அவர் கணக்கு, கிழக்கு மேற்கு என்று திசைகளில். அதற்குப் பின் என் கணக்கு, கதிரின் இடது வலதில். விடை சோதனையோடு அச்சாகப் பொருந்தியது. தனகோட்டிக்கு அங்கேயே வேலை என்று ஆய்வகத் தலைவர் வாக்குக் கொடுத்துவிட்டார்.

ஒருநாள் விழுப்புரம் ஜங்ஷனில் வயதானவர் ஒருவர் பாண்டிச்சேரி வண்டி எங்கே என்று கேட்டார். "இடது பக்கம்" என்றேன். எனக்கு எதிரே நின்றவர் தன்னுடைய இடது பக்கம் நடந்தார். தனகோட்டி ஓடிப்போய் அவரைத் திருப்பிவிட்டு வந்தார். வந்ததும் என்னிடம் கேட்டார்:

"சார், கதிர் திரும்பினப்போ நியூட்ரான் இருக்கிற எடத்தையும் வேகத்தையும் உங்க கணக்குக்கு மாத்தினோம். ஸ்பின்ன மாத்தினோமா?"

மாற்றவில்லை. அவருடைய கிழக்கை என்னுடைய இடதாக அப்படியே எழுதிக்கொண்டு போயிருக்கிறோம். திருத்தினோம். விடை சோதனையோடு பொருந்தவில்லை.

"வுட்டுத்தொலைங்க தனகோட்டி, யாருக்குத் தெரியப்போவுது?" என்று மன்றாடினேன்.

"தப்பு வழில போயி ஊரு வந்துடுச்சின்னா, இது அந்த ஊருதானான்னு சந்தேகமா இருக்காதா சார்?"

பழைய விடை தவறு என்று ஆய்வகத்துக்கு அவரே எழுதிப் போட்டார். வேலை கைநழுவியது. அதற்குப் பிறகும் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குத் தினமும் ரயில் பிடித்து ஓடிக்கொண்டிருந்தார். திருத்திய விடை ஏன் பொருந்தவில்லை என்பது கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

இழவு வீட்டில் அவர் மனைவி என்னைப் பார்த்ததும் கேட்டார்: "அந்தக் கணக்க அப்படியே வுட்டிருந்தா இந்நேரம் உசுரோட இருப்பாரா சார்?" இருந்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றியது. பாடை கட்டுகிறவர்களிடம் போய் நின்றுகொண்டேன்.

பாடையை எடுக்கும்போது, "லெஃப்ட்ல திருப்புப்பா" என்றார் யாரோ. எதிரெதிரே நின்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். பாடை ஆடியது. "கெழக்கால!" என்று கத்தினேன். எல்லோரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அந்த ஒரு சொல்லும் பொருந்தாத அந்த விடையும்தான் அவர் எனக்கு விட்டுப்போனவை. அந்த அம்மாளுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.